இறக்கிய காரும் எங்கள் வாசல் மேடும்

1

போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேசிக்கொண்டிருந்தபோது, ஹரிணி, நீ ஒரு கேள்வி கேட்டாய். உன் அப்பா போனைப் பிடுங்கப் பார்த்தார். நீ கொடுக்கவில்லை.

"பெரியப்பா, அன்னிக்கு நாங்க ரெண்டு பேரும் ஏறுனதாலதான கார் இடிச்சுது? அதான் தினேஷ் அண்ணன் இந்த வருஷம் வரலியா?"

பக்கத்தில் ஹரிஷ் குனிந்தபடி சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தான். "நான் நடந்தே வரேன்னுதான் சொன்னேன். இவதான் ஏறு ஏறுன்னா," என்றான்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா, அண்ணனுக்கு வேலை அதிகம்" என்று சொல்லிவிட்டு நான் பேச்சை மாற்றினேன். அது பொய். அந்தக் காரின் உயரத்தை இறக்கி இந்த மாதத்தோடு ஒரு வருஷம் ஆகிறது. ஒரு வருஷமாக நீங்கள் இரண்டு பேரும் இதை மனசில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போய் வந்திருக்கிறீர்கள்.

அதனால்தான் இதை எழுதுகிறேன். நான் பத்தாவதோடு நின்றவன். கடைக்குச் சாமான் பட்டியல் எழுதுவதைத் தவிர எனக்கு எழுத்து வேலை கிடையாது. தப்பு இருந்தால் நீங்களே திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். நடந்தது எதையும் மறைக்க மாட்டேன்.

2

பிரான்சு என்றால் நீங்கள் படத்தில் பார்க்கிற கோபுரம் ஞாபகம் வரும். அந்தக் கோபுரத்தை நான் பார்த்து வருஷக்கணக்கு ஆகிறது. நான் பார்க்கிற பிரான்சு, விடியாத நேரத்தில் ஒரு பஸ், பிறகு ஒரு ரயில், அப்புறம் ஒரு பள்ளிக்கூடத்துச் சமையற்கட்டு. அங்கே பிள்ளைகளுக்குத் தட்டு எடுத்து வைப்பதும், சாப்பிட்டதும் கழுவி அடுக்குவதும் என் வேலை. உங்கள் பெரியம்மாவின் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், புதுச்சேரி உப்பளத்தில் எல்லோரும் அவரை 'சொல்தா வீட்டுக்காரர்', அதாவது சிப்பாய் வீட்டுக்காரர், என்பார்கள். அந்த வழியில் பெரியம்மாவுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை. அவளைக் கட்டியதால் நானும் இங்கே வந்தேன். இருபத்து நாலு வருஷம் ஆயிற்று.

வந்த புதிதில் ஆபீஸ் ஆபீஸாகப் போவதே ஒரு தனி வேலையாக இருந்தது. ஒரு காகிதம் வேண்டுமென்றால் அதற்கு முன்னால் வேறொரு காகிதம் கேட்பார்கள். அந்தக் காகிதம் கொடுக்கும் ஜன்னலுக்குப் போனால் முதல் காகிதம் எங்கே என்பார்கள். என் பிறப்புச் சான்றிதழில் அப்பா பெயர் ஒரு மாதிரி, பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரி. அதை நேராக்கவே இரண்டு குளிர்காலம் போயிற்று. ஜன்னலுக்குப் பின்னால் இருந்த அம்மாள் பேசியது எனக்குப் பாதிதான் புரியும். புரியாத இடத்திலெல்லாம் 'வுய், வுய்' என்று தலையாட்டுவேன். அப்படித் தலையாட்டியே, எங்களுக்கு நாய் இருப்பதாக ஒரு ஃபாரத்தில் எழுதவைத்துவிட்டேன். நாய் எங்கே என்று கேட்டு ரொம்ப நாளைக்குக் கடிதம் வந்துகொண்டிருந்தது.

தினேஷ் மூன்று வயது வரை நல்ல தமிழ் பேசினான். பள்ளிக்கூடத்தில் சேர்த்ததும் டீச்சரம்மா எங்களைக் கூப்பிட்டு, பையன் பின்தங்குகிறான், வீட்டிலும் பிரெஞ்சிலேயே பேசுங்கள் என்றார். அதற்கும் தலையாட்டினேன். அன்றிலிருந்து என்னுடைய உடைந்த பிரெஞ்சில் பிள்ளையிடம் பேச ஆரம்பித்தேன். அவனுக்கு எட்டு வயதாகும்போது என் பிரெஞ்சைத் திருத்தினான். பன்னிரண்டில் சிரித்தான். பதினாறில் பதில் சொல்வதை நிறுத்திவிட்டு அறைக் கதவைச் சாத்திக்கொண்டான். வீட்டில் சண்டை எதுவும் கிடையாது. பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துபோயிற்று.

அந்தக் கதவைத் திறந்தது ஒரு பழைய கார்.

3

தினேஷ் படித்தது மெக்கானிக் படிப்பு. படிப்பு முடியும் தறுவாயில் லீவு வேலை செய்து ஒரு குட்டிக் கார் வாங்கி வந்தான். அவன் வயசுதான் அதற்கும். கீழே போய்ப் பார்த்தேன், எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நம் நெல்லித்தோப்பு வீட்டில் நிற்கிற வெள்ளைக் காரேதான் அது. பெயர் மட்டும் வேறு.

"டேய், இது நம்ம ஊர் வண்டிடா," என்றேன்.

"தெரியும். அதான் வாங்கினேன்," என்றான் தமிழில்.

பிறகு ஒரு நாள் ஒரு பெரிய அட்டைப் பெட்டி வந்தது. உள்ளே நாலு ஷாக் அப்சார்பர், நீல நிற ஸ்ப்ரிங்கோடு. இருப்பதிலேயே மலிவான செட் என்று அவனே சொன்னான். சமையலறை மேஜையில் ஒன்றை நிற்கவைத்து எனக்கு விளக்கினான். குழாயின் வெளிப்பக்கம் முழுக்க மரை வெட்டியிருக்கிறது. அந்த மரையில் ஒரு வளையம். கொக்கி மாதிரி ஒரு ஸ்பானரால் வளையத்தைக் கீழே திருகினால் கார் தாழும், மேலே திருகினால் உயரும். தாழ்ந்த கார் திருப்பத்தில் சாயாது, தரையைப் பிடித்துக்கொண்டு ஓடும், பார்க்கவும் அழகு. பாதி பிரெஞ்சு, பாதி தமிழ், மீதி கையால் காட்டியது. அன்று அவன் என்னிடம் ஒரு மணி நேரம் பேசினான். எத்தனையோ வருஷத்தில் அவன் என்னோடு அவ்வளவு பேசியதில்லை. மெக்கானிக் விஷயம் எனக்குப் பெரிதாகப் புரியவில்லை. ஆனால் நடு நடுவே கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தேன், அவன் எழுந்து போய்விடக் கூடாது என்று.

அந்த செட்டை அவன் காரில் மாட்ட முடியவில்லை. இங்கே பழைய காரை இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை சோதனை நிலையத்தில் காட்ட வேண்டும். குளிர்காலத்தில் ரோட்டில் உப்புப் போடுவதால் அடித்தகடு இற்றுப்போயிருக்கிறது, இது ஓடக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். கார் பழைய இரும்புக் கடைக்குப் போனது. பெட்டி அவன் கட்டிலுக்கு அடியில் போனது. மறுபடியும் கதவு சாத்திக்கொண்டது.

சில மாதம் கழித்து நான்தான் கதவைத் தட்டினேன். "அதே வண்டி ஊர்ல நிக்குதே தினேஷ். அங்க போய் மாட்டலாம், வாயேன்."

அவன் கடைசியாகப் புதுச்சேரிக்கு வந்தது பதினோரு வயதில். அதற்கப்புறம் நாங்கள் லீவுக்கு வரும்போதெல்லாம் ஏதாவது காரணம் சொல்லி நின்றுகொள்வான். அன்று உடனே திரும்பிப் பார்த்து, "நிஜமாவா?" என்று கேட்டான்.

நிஜமாகத்தான் கூப்பிட்டேன். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கூப்பிட்டது நான்.

4

அந்தத் தடவை உங்களுக்குச் சாக்லேட் குறைவாக வந்ததற்குக் காரணம் இதுதான். இரண்டு பெட்டியில் துணியோடு துணியாக நாலு ஷாக் அப்சார்பர். விமான நிலையத்தில் சுங்க அதிகாரி பெட்டியைத் திறக்கச் சொன்னார். பெரியம்மாவின் புடவைக்குள்ளிருந்து நீல ஸ்ப்ரிங் எட்டிப் பார்த்தது.

"என்ன சார் இது?"

"கார் ஸ்ப்ரிங் சார்."

"எல்லாரும் பிரான்சுலேருந்து சென்ட்டு கொண்டாருவாங்க. நீங்க இரும்பு கொண்டாரீங்க. நம்ம ஊர்ல இரும்பு இல்லியா?"

"பையன் ஆசப்பட்டான் சார்."

அவர் தினேஷை ஒரு முறை மேலும் கீழும் பார்த்தார். "என் பையனும் இப்டித்தான் பைக்க நோண்டிக்கினு கெடக்கறான். எடுத்துட்டுப் போங்க," என்றார். தினேஷ் வண்டி வரும் வரைக்கும் சிரித்துக்கொண்டே இருந்தான்.

நேரே உப்பளத்தில் பெரியம்மா வீட்டுக்குப் போனோம். உங்கள் அப்பா முன்கூட்டியே காரை ரெட்டியார்பாளையத்தில் பாபு மெக்கானிக் ஷெட்டில் விட்டிருந்தார். முதலில் காரை முடித்து, அந்தக் காரிலேயே நெல்லித்தோப்பு வீட்டுக்குள் போய் இறங்க வேண்டும் என்பது தினேஷின் ஆசை.

5

ஷெட்டில் இரண்டு நாள் வேலை நடந்தது. பாபுவும் தினேஷும் ஜாக்கி போட்டு, ஒவ்வொரு சக்கரமாகக் கழற்றிப் பழைய ஷாக் அப்சார்பரை எடுத்தார்கள். துருப்பிடித்த போல்ட்டு ஒன்று வரவே மாட்டேன் என்றது. பாபு எண்ணெய் விட்டு, சுத்தியலால் தட்டி, கெட்ட வார்த்தை சொல்லிக் கழற்றினார். அந்த வார்த்தையை தினேஷ் ஒரே நாளில் கற்றுக்கொண்டான். பதினாறு வருஷம் நான் சொல்லிக்கொடுக்காத தமிழ்.

எல்லாம் மாட்டிய பிறகு, எவ்வளவு இறக்குவது என்ற கேள்வி வந்தது. தினேஷ் ஒரு சின்ன நோட்டை எடுத்தான். ஒவ்வொரு உயரத்தையும் அதில் எழுதுவது அவன் பழக்கம்.

"அப்பா, வீட்டு வாசல் எப்படி இருக்கும்? மேடு, பள்ளம்?"

"சமமாத்தான் இருக்கும். ரோட்டுலேருந்து அப்டியே உள்ள போயிடலாம்."

"பைக்கில போய் அளந்துட்டு வரேன். டேப்பு இருக்கு."

பாபு காருக்கடியில் இருந்தபடியே சொன்னார்: "ஆமாண்ணா, நெல்லித்தோப்பு பக்கம் ரோடெல்லாம் ஏறிப்போச்சு. ஒருவாட்டி பாத்துட்டு வரட்டும்."

எனக்குச் சுருக்கென்றது. நான் பிறந்த வீட்டு வாசலைப் பற்றி எனக்கு ரெட்டியார்பாளையத்துக்காரர் சொல்ல வேண்டுமா என்று தோன்றியது.

"டேப்பு எதுக்குடா? நான் பொறந்த வூடு அது. கண்ண மூடிக்கினு சொல்லுவேன். எங்க தெரு தட்டு மாதிரி இருக்கும்."

தினேஷ் டேப்பைப் பையில் போட்டான். பிறகு நோட்டில் ஏதோ எழுதினான். வளையத்தைத் திருகினான். நாலு விரற்கடை இறங்கியது கார்.

பிள்ளைகளே, நான் சொன்னது பொய்யில்லை. ஆனால் அது நான் கிளம்பிய வருஷத்து வாசல். ரோடு போடும்போதெல்லாம் பழைய ரோட்டைப் பெயர்க்காமல் அதன் மேலேயே போட்டுக்கொண்டு போனார்கள். ரோட்டுக்குச் சமமாக இருந்த வாசல் பள்ளமாகி, வீடு ரோட்டுக்குக் கீழே இறங்கிவிட்டது. உங்கள் அப்பா போனில் எத்தனையோ முறை சொன்னார். ஒரு மழையில் தண்ணீர் கூடம் வரைக்கும் வந்தபோது, "வாசல்ல சிமெண்ட்டு மேடு ஒண்ணு கட்டிடு செல்வம்," என்று யோசனை சொன்னதே நான்தான். சொல்லிவிட்டு ரயிலைப் பிடிக்க ஓடியிருப்பேன். மறந்துவிட்டேன். லீவுக்கு வரும்போதெல்லாம் வேன் ரோட்டிலேயே நிற்கும், பெட்டியைத் தூக்கிக்கொண்டு அந்த மேட்டைத் தாண்டித்தான் உள்ளே போயிருக்கிறேன். ஒரு தடவைகூடக் குனிந்து பார்க்கவில்லை. என் மனசில் அந்தச் சமமான வாசல் அப்படியே இருந்தது.

6

ஷெட்டிலிருந்து கிளம்பி, உப்பளத்தில் பெரியம்மாவை ஏற்றிக்கொண்டு, கடற்கரைப் பக்கம் ஒரு சுற்றுப் போனோம். நேரான தெருக்கள், கார் வழுக்கிக்கொண்டு போனது. பைக்கில் போன இரண்டு பிள்ளைகள் வேகத்தைக் குறைத்து, குனிந்து சக்கரத்தைப் பார்த்து, தினேஷைப் பார்த்துக் கட்டைவிரலைக் காட்டினார்கள். அவன் முகம் சிவந்துவிட்டது.

"அப்பா, நல்லா இருக்கா?"

"சூப்பரா இருக்குடா."

"அடுத்த வருஷம் வந்து பிரேக்கு மாத்தணும். பாபு அண்ணன் வரச் சொல்லியிருக்காரு."

அடுத்த வருஷம் வருவேன் என்று அவனே சொன்னான், நான் கேட்கவில்லை. பின்சீட்டிலிருந்து பெரியம்மா என் தோளைக் கிள்ளினாள்.

தெருமுனையில் நீங்கள் இரண்டு பேரும் ஓடி வந்து ஏறிக்கொண்டீர்கள். வாசலில் உங்கள் அம்மா பெரிதாகக் கோலம் போட்டு, பூசணிக்காய் மேல் கற்பூரத்தோடு நின்றாள். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் தயாராக இருந்தது. அக்கம்பக்கத்தில் எல்லோரும் வந்து நின்றார்கள். உங்கள் அப்பா இரண்டு கையையும் தூக்கினார்.

"தினேஷு, நில்லு நில்லு, மேடு இருக்குது."

தினேஷ் பிரேக் போட்டு என்னைப் பார்த்தான். எனக்கு முன்னால் தெருவே நின்றுகொண்டிருந்தது. நான் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, "அட தள்ளுப்பா, அதெல்லாம் வரும்," என்றேன். அவனிடம், "நீ போ," என்றேன்.

அவன் போனான்.

அந்தச் சத்தத்தை நீங்கள் கேட்டீர்கள். எஞ்சினுக்கு அடியில் இருக்கிற ஆயில் சேம்பர் மேட்டில் மோதி வெடித்துவிட்டது. கறுப்பு எண்ணெய் கோலத்தின் மேல் பரவிக்கொண்டே போனது. உங்கள் அம்மா பூசணிக்காயோடு பின்னால் நகர்ந்தாள். எதிர் வீட்டுத் திண்ணையில் இருந்த ஒருவர், "பிரெஞ்சு வண்டி குப்புறப் படுத்துக்கிச்சுபா," என்றார். இரண்டு பேர் சிரித்தார்கள்.

இறங்கிய நான் என்ன பேசினேன் என்பது உங்களுக்குத் தெரியும். அதை என் கையாலேயே எழுதிவிடுகிறேன்.

"இந்த ஊரப் பத்தி உனக்கு என்னடா தெரியும்? அந்தக் குப்பையக் கழட்டி எறிடா."

தினேஷ் குனிந்து கையை அடியில் விட்டுப் பார்த்தான். முழங்கை வரைக்கும் எண்ணெய். நிமிராமலேயே மெதுவாகச் சொன்னான்: "நீதான சொன்ன."

எல்லோர் முன்னாலும் அவன் என்னை 'நீ' என்றதால்தான் கோபம் வந்தது என்று பிற்பாடு உப்பளத்தில் சொல்லிக்கொண்டேன். அதுவும் பொய். நம் தெருவில் எந்தப் பிள்ளை அப்பாவை 'நீ' என்று கூப்பிடவில்லை? அவன் சொன்னது உண்மை, அதனால் வந்தது கோபம்.

"உன்ன யாருடா இங்க வரச் சொன்னது?" என்றேன்.

அவன் எழுந்தான். உங்கள் அம்மாவிடமிருந்து துடைப்பத்தை வாங்கி, மரத்தூள் கொட்டி, எண்ணெயைத் தானே கூட்டி அள்ளினான். பாபுவை வரவழைத்துப் புது சேம்பர் மாட்டும் வரை கூட இருந்தான். மீதி நாட்களை உப்பளத்திலேயே கழித்தான். விமானத்தில் என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பத்து மணி நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தான்.

7

இப்போது அவன் வேறு ஊரில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்க்கிறான், ரயிலில் மூன்று மணி நேரம். அம்மாவோடு பேசுவான். என்னோடு 'நல்லா இருக்கேன்' மட்டும்.

அவன் அறையைச் சுத்தம் செய்தபோது, கட்டிலுக்கடியில் அந்தக் காலி அட்டைப் பெட்டி இருந்தது. உள்ளே நோட்டு. ரெட்டியார்பாளையத்தில் எழுதிய பக்கத்தை எழுத்துக்கூட்டிப் படித்தேன். முன் சக்கரம் இவ்வளவு, பின் சக்கரம் இவ்வளவு. அதற்குக் கீழே, 'ஐந்து பேர் ஏறினால் இன்னும் இவ்வளவு இறங்கும்' என்று கழித்துப் போட்டு வைத்திருக்கிறான். ஹரிணி, ஹரிஷ், அந்த ஐந்து பேர் யார் என்று எண்ணிப் பாருங்கள். அவன், நான், பெரியம்மா, நீங்கள் இரண்டு பேர். நீங்கள் ஏறுவீர்கள் என்று அவனுக்கு முன்னாலேயே தெரியும். உங்களுக்கு இடம் வைத்துத்தான் வளையத்தைத் திருகியிருக்கிறான். உங்கள் மேல் ஒரு துளி தப்பும் இல்லை. அவன் மேலும் இல்லை.

பக்கத்தின் கடைசி வரி: 'வாசல்: சமம். அப்பா சொன்னது.'

ரயிலில் யார் காலையாவது மிதித்தால் ஒரு நாளைக்கு நாற்பது தடவை 'பர்தோன்', மன்னிக்கணும் என்று சொல்கிறேன். அந்த வார்த்தையை என் பிள்ளையிடம் சொல்ல ஒரு வருஷமாக வாய் வரவில்லை.

காரை வாசலுக்கு வெளியே சுவரோரம் நிறுத்தித் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருப்பதாக உன் அப்பா சொன்னார், ஹரிணி. உயர்த்தித் தருகிறேன் என்று பாபு இரண்டு தடவை வந்தாராம். "எறக்குனவன் வந்து ஏத்தட்டும்," என்று உன் அப்பா தொடவிடவில்லை. அவர் என் தம்பி. அன்று அத்தனை பேர் முன்னால் அவரையும்தான் தள்ளிப்போகச் சொன்னேன். இதுவரை ஒரு வார்த்தை திருப்பிக் கேட்கவில்லை.

நீ கேள்வி கேட்ட மறுநாள் நான் தினேஷுக்குப் போன் செய்தேன். இங்கே மழை என்றேன். அங்கேயும் மழை என்றான். பிறகு, நீங்கள் ஏறியதால்தான் இடித்தது என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று சொன்னேன். வைத்துவிட்டானோ என்று போனைப் பார்த்தேன். வைக்கவில்லை.

"அந்த மேடு எவ்ளோ ஒயரம்?" என்று கேட்டான்.

ஒரு ஜாண் இருக்கும் என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. நிறுத்திக்கொண்டேன்.

"தெரியாதுப்பா," என்றேன். "எனக்குத் தெரியாது."

"ம்," என்றான். அவ்வளவுதான். வருவேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஆகையால் நீங்கள் இரண்டு பேரும் எனக்கு ஒன்று செய்ய வேண்டும். அப்பாவின் பெட்டியில் டேப்பு இருக்கும், எடுத்துக்கொள்ளுங்கள். ரோட்டிலிருந்து மேட்டின் உச்சி எவ்வளவு, உச்சியிலிருந்து உள்பக்கத் தரை எவ்வளவு, மேட்டின் அகலம் எவ்வளவு, மூன்றையும் அளந்துகொள்ளுங்கள். ஒருவர் பிடிக்க, ஒருவர் படிக்க, பிறகு மாற்றிப் பிடித்து இன்னொரு தடவை. காகிதத்தில் எழுதிப் படம் எடுத்து அனுப்புங்கள். எனக்கு வேண்டாம், நேரே தினேஷ் அண்ணனுக்கே அனுப்புங்கள்.

கீழே மறக்காமல் எழுதுங்கள்: அளந்தது ஹரிணி, ஹரிஷ்.